இன்ஜினை அணைத்த சந்து

புத்தூரில் ரயிலைவிட்டு இறங்கிய அரை மணி நேரத்தில் என்னை ஆட்டோ தள்ளச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. முழங்காலில் வலி, தோளில் கனமான பை, அரக்கோணத்தில் குடித்த காபியின் புளிப்பு இன்னும் தொண்டையில். "எறங்குங்க மேடம், ஒரு கை குடுங்க" என்றார் டிரைவர், ஏதோ கல்யாண வீட்டில் பந்தி பரிமாறக் கூப்பிடுவதுபோல.

சந்தின் முனை வரை அந்த டீசல் ஆட்டோ டடடடவென்று நன்றாகத்தான் வந்தது. முனையில் அவராகவே இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார். எங்களுக்கு முன்னால் இன்னும் எட்டு ஆட்டோக்கள் நின்றன. ஒன்றிலும் சத்தம் இல்லை. உள்ளே கை உடைந்தவர், கால் உடைந்தவர், தோள் நழுவியவர். பின்னால் ஆளுக்கொரு டிரைவர். வரிசை நகர்ந்தபோது எல்லாரும் சேர்ந்து பத்தடி தள்ளினார்கள். பிறகு நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் தள்ளினேன். வேறு வழி?

ஆந்திர எல்லையில் இருக்கும் இந்தப் புத்தூர்ப் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியத்துக்குப் பெயர் போனது. நான் போன சிற்றூரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அங்கேயும் ஒரு கட்டு வைத்தியர் இருக்கிறார், சந்தின் கோடியில். சந்தின் நடுவில் ஒரு தமிழ்வழி ஆரம்பப் பள்ளி. முன்பெல்லாம் இந்த வரிசை முழுவதும் இன்ஜின் ஓடியபடியே நிற்கும். காரணம் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் அவர்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய டீசல் ஆட்டோவை அணைத்துவிட்டுத் திரும்ப ஸ்டார்ட் செய்தால் வண்டியே ஒரு குலுக்குக் குலுக்கும். உடைந்த எலும்பு அசைந்துவிடும், நோயாளி அலறுவார். அதனால் காலையிலிருந்து மதியம்வரை பள்ளி ஜன்னலுக்குக் கீழே புகை. எலும்பு உடைந்தவர்மேல் கருணை வைத்து, எதிரே உட்கார்ந்து அ, ஆ படிக்கிற குழந்தைகளை மறந்துவிட்டார்கள்.

இதை மாற்றியவள் சரளா, அந்தப் பள்ளி டீச்சர். நான் சென்னையில் ஒரு மருத்துவமனையில் முப்பது வருஷம் மூச்சுப் பரிசோதனை செய்தவள். சரளா தன் மகனை இளைப்புக்காக அங்கே கூட்டிவந்தபோது பழக்கம். போன வருஷம் என்னை வரவழைத்து, பள்ளியில் நாலாம் வகுப்புவரை இருந்த முப்பத்தொரு பிள்ளைகளையும் குழாயில் ஊதவைத்துக் குறித்துக்கொண்டாள். பிறகு ஆட்டோக்காரர்களிடம் போனாள். சந்து கோடியை நோக்கிக் கொஞ்சம் சரிவு, தள்ளினால் போகும். திரும்ப வேறு பாதை உண்டு. "ஒரே ஒரு வருஷம் தள்ளிப் பாருங்க. புள்ளைங்க மூச்சு ஏறலன்னா நானே இனிமே கேக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தாள். அந்த வருஷம் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. ஞாயிறு காலை ஆட்டோ ஸ்டாண்டில் கூட்டம். அங்கே சொல்ல ஒரு பதில் வேண்டும். அதற்குத்தான் இந்தச் செவ்வாய்க்கிழமை என் முழங்காலோடு வந்து இறங்கினேன்.

என்னைத் தள்ளவைத்த டிரைவரின் பெயர் முனிரத்தினம். ஸ்டாண்டுக்கு அவர்தான் தலைவர். "ஒரு நாளைக்கு முப்பது வாட்டி தள்றோம் மேடம். ராவுல இடுப்பு புடிச்சிக்கினு படுக்கறேன். எங்க ஆளுங்களுக்கே கட்டுப் போடணும் போல கீது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பள்ளி வாசலில் என்னை இறக்கிவிட்டபோது இடுப்பில் கையூன்றி நிமிர்ந்த விதத்தில் சிரிப்பு இல்லை.

புதன்கிழமை வேலை தொடங்கினேன். காலையில் பிள்ளைகளுக்கு ராகி ஜாவா என்று கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர். வெல்லம் போட்டு, சூடாக, நன்றாகவே இருந்தது. எங்கள் மருத்துவமனை கேன்டீன் டீயை முப்பது வருஷம் எப்படிக் குடித்தேன் என்று யோசித்தேன்.

குழாயில் ஒரு முள் உண்டு. மூச்சை நன்றாக இழுத்து ஒரே வீச்சில் ஊதினால் முள் ஓடி நிற்கும். மூச்சுக்குழல் சுருங்கியிருந்தால் முள் பாதியில் சோர்ந்துவிடும். மூன்று முறை ஊதவைத்து, அதில் பெரியதை எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாம் வகுப்பு சுபாஷிணி முதலில் ஓடி வந்தாள். கன்னம் இரண்டையும் பூரி மாதிரி உப்பவைத்துக்கொண்டு ஊதினாள்.

"கன்னத்துல இல்லடி, நெஞ்சுலேர்ந்து ஊது."

"நெஞ்சுலர்ந்துதான் டீச்சர். அதான் இருமல் வருது."

மறுபடி ஊதினாள், மறுபடி இருமினாள். மூன்றாவது முறையும் முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. எழுதிக்கொண்டேன். அடுத்து வந்த பையன்கள் நன்றாக ஊதினார்கள். பன்னிரண்டு பேர் முடிந்ததும்தான் பார்த்தேன், வாயில் வைத்து ஊதிவிட்டுத் தூக்கிப்போடுகிற அட்டை மூக்குகள் தீர்ந்துவிட்டன. மீதிப் பெட்டி அம்பத்தூரில் என் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. என்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை திருப்பதிக்குப் போனேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் என் நரைமுடியைப் பார்த்து, மொட்டை போடத்தான் போகிறேன் என்று முடிவுகட்டி, எந்த வரிசையில் கூட்டம் குறைவு என்று தெலுங்கில் விவரமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அட்டை வாங்கப் போகிறேன் என்று சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. அவருக்காகவாவது மலைக்குப் போயிருக்கலாம்.

மருந்துக்கடைத் தெருவில் மூன்றாவது கடையில் அட்டை கிடைத்தது. மலைக்குப் போகும் பஸ்களில் சில இப்போது மின்சாரத்தில் ஓடுகின்றன. ஒன்று என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றதே தெரியவில்லை; ஹாரன் அடித்தபோது துள்ளிவிட்டேன். அது கிளம்பிப் போன இடத்தில் புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. பக்கத்தில் இளநீர் விற்றவர் கண்ணைச் சுருக்காமல் காசு வாங்கிக்கொண்டிருந்தார். அம்பத்தூரில் எங்கள் தெருப் பள்ளி வாசலில் ஏசி போட்டபடி வரிசையில் நிற்கும் கார்களை நினைத்தேன். அவற்றை அணைக்கச் சொல்லி நான் ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

திரும்பும்போது வேறு பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன். போர்டு தெலுங்கில். யாரோ "ரேணிகுண்டா" என்று கத்தினார்கள், ஏறிவிட்டேன். ரேணிகுண்டாவில் இறங்கி மாறியிருக்க வேண்டும். ஜன்னல் காற்றில் கண் அயர்ந்துவிட்டேன். கண்டக்டர் தோளைத் தட்டியபோது ஏர்பேடு, புத்தூருக்குச் சம்பந்தமில்லாத திசை. பஸ் நாயுடுபேட்டைக்குப் போகிறதாம். "நல்லவேளை, இன்னும் தூங்கியிருந்தா கல்கத்தா ரோட்டுல இறங்கியிருப்பீங்க" என்று அவர் தெலுங்கில் சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

ஏர்பேட்டில் கொய்யா விற்ற பெண், உப்பு மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தாள். சாலையில் லாரி மாற்றி லாரி. ஒவ்வொரு லாரி போனதும் கொய்யாமேல் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. மடியில் கிடந்த குழந்தையின் முகத்திலும் அதே துணியால் ஒரு துடைப்பு. "பழத்தைத் துடைக்காவிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள்" என்றாள் தெலுங்கில். ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் பிடித்து, இருட்டுவதற்குள் சரளா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வேர்க்கடலைத் துவையலும் ராகிக் களியும் வைத்திருந்தாள். இரண்டு உருண்டை சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை மீதிப் பிள்ளைகள் எல்லாரும் ஊதி முடித்தார்கள். போன வருஷ நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எல்லாருக்கும் முள் ஏறியிருந்தது! ஒன்றிரண்டு பேருக்குப் பெயருக்கு ஏற்றம், மற்றவர்களுக்கு நல்ல ஏற்றம். "சரளா, எல்லாருக்கும் ஏறியிருக்குடி!" என்று வகுப்பென்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அடுத்த நிமிடம் செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடி, வரிசையில் நின்ற முனிரத்தினத்திடம் சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டில் மைசூர்பாகு பங்கு போட்டார்கள். எனக்கும் வந்தது, நெய் சொட்டச் சொட்ட.

பாதி மைசூர்பாகு வாயில் இருக்கும்போதுதான் ஒரு பையனைப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு. கைப்பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். யூனிஃபார்ம் பேன்ட் கணுக்காலுக்கு மேலே இரண்டு விரல் ஏறிக் கிடந்தது. போன வருஷம் அது தரையைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். மீதி மைசூர்பாகைக் காகிதத்தில் திரும்ப வைத்தேன்.

பிள்ளைகள் வளர்கிறார்கள்! உயரம் கூடினால் நெஞ்சு பெருக்கும், நெஞ்சு பெருத்தால் முள் தானாக ஏறும். புகை இருந்தாலும் கொஞ்சம் ஏறும். முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவள், ஒவ்வொரு குழந்தையையும் முதலில் உயரம் அளந்துவிட்டுத்தான் ஊதவைத்தவள், போன வருஷம் ரயிலுக்கு நேரமாகிறது என்று உயரத்தை எழுதாமல் விட்டிருக்கிறேன். இப்போது எது வளர்த்தியால் ஏறியது, எது காற்றால் ஏறியது என்று பிரிக்க வழியில்லை.

சரளாவிடம் சொன்னேன். அவள் முகம் செத்துவிட்டது. "அக்கா, வேண்டாங்கா. எல்லாருக்கும் ஏறிட்சின்னு சொல்லியாச்சி. ஸ்வீட் துன்னாச்சி. இப்ப போயி இல்லன்னு சொன்னா, நாளையிலர்ந்து ஒருத்தன் அணைப்பானா? புள்ளைங்களுக்கு நல்லதுதானே பண்றோம்?"

"நல்லதுதான். ஆனா பொய் சொல்லி நல்லது பண்ணினா, அடுத்த வருஷம் யாராவது டாக்டர் வந்து ஒரே வாயில ஊதித் தள்ளிடுவான். அப்புறம் நீ என்ன சொன்னாலும் எவனும் நம்பமாட்டான்."

அவள் அழுதாள். எனக்கும் அழுகைதான் வந்தது, ஆனால் கோபம் முந்திக்கொண்டது, என்மேல்தான். பள்ளியில் உடல்நல அட்டை இருக்குமே என்று தேடினோம். இருந்தது. அதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே உயரம். யாரோ ஒரே மூச்சில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள். அந்தப் புண்ணியவானை இரண்டு பேரும் மனசாரத் திட்டினோம்.

சனிக்கிழமை காலை சரளாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. பிள்ளைகளின் யூனிஃபார்ம் துணி வருஷா வருஷம் ஜூனில் வரும். ஊரில் தைப்பவர் ஒரே டெய்லர், குப்புசாமி. அவர் வேலை செய்கிற விதமே தனி. முப்பது பிள்ளைகளுக்குத் தோள், இடுப்பு, கால் என்று தனித்தனியாக அளக்க அவருக்குப் பொறுமை கிடையாது. பிடரியிலிருந்து குதிகால்வரை ஒரே அளவு. அதை வைத்துச் சட்டைக்கு இவ்வளவு, பேன்ட்டுக்கு இவ்வளவு, பாவாடைக்கு இவ்வளவு என்று அவரே பிரித்துக்கொள்வார். அதனால்தான் அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் சட்டை ஒரே மாதிரி தொளதொளவென்று இருக்கிறது.

கடையில் மிஷினுக்கு மேலே ஆணியில் நோட்டு தொங்கியது. "போன வருசத்து அளவு இருக்கா?" என்று சரளா கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா டீச்சரம்மா, யார்னா கம்ப்ளெய்ன்ட் குட்த்தாங்களா? டைட்டுன்னாங்களா? நான்தான் வளருவாங்கோன்னு ரெண்டு இஞ்சு சேர்த்து வெட்றனே!"

நான் குறுக்கிட்டேன். "அந்த ரெண்டு இஞ்ச் நோட்டுல சேர்ந்திருக்கா?"

"நோட்ல எதுக்கு சேர்க்கறேன்? நோட்ல ஒடம்பு அளவுதான். ரெண்டு இஞ்சு கத்திரிக்கோலுக்கு."

அப்படியே அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டேன். மனிதர் பயந்துவிட்டார். போன வருஷம் அவர் அளந்ததும் நான் ஊதவைத்ததும் ஒரே வாரத்தில். டேப்போடு அவரையே பள்ளிக்குக் கூட்டிவந்தோம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பிடரியிலிருந்து குதிகால்வரை அதே கை, அதே டேப். வளர்ந்தது எவ்வளவு என்று இப்போது தெரிந்தது; இன்றைய முழு உயரத்திலிருந்து அதைக் கழித்தால் போன வருஷ உயரம். சிலர் கிடுகிடுவென்று வளர்ந்திருந்தார்கள், சிலர் சோம்பேறியாக. பிற்பகல் முழுக்க, இந்த உயரத்துக்கு இவ்வளவு ஊத வேண்டும் என்கிற அட்டவணையை வைத்துக்கொண்டு நானும் சரளாவும் கழித்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு பெயருக்கும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கழித்துப் பார்த்தால், ஏறியதில் பாதிக்குமேல் வளர்த்திதான். ஆனால் எல்லாம் அது இல்லை. ஏறக்குறைய பாதி மிச்சம் நின்றது. போன வருஷம் உயரத்துக்குத் தக்கபடி ஊதாமல் பின்தங்கியிருந்த பிள்ளைகளில் அதிகம் பேர் இந்த வருஷம் எட்டிப் பிடித்திருந்தார்கள். முப்பத்தொரு பிள்ளைகள், ஒரு வருஷம், ஒரு டெய்லர் நோட்டு. இதைக் கொண்டுபோய் ஒரு டாக்டரிடம் காட்டினால் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு காலை ஆட்டோ ஸ்டாண்டில் இருபது பேர் இருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் எனக்கு இடம் கொடுத்தார்கள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்: "வெள்ளிக்கிழமை நாங்க சொன்னது தப்பு."

ஒருத்தர் பின்னாலிருந்து, "அப்ப மைசூர்பாகு திருப்பித் தரணுமா?" என்றார். யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. நான் பிள்ளை வளர்வதையும் நெஞ்சு பெருப்பதையும் சொன்னேன். என் தவறையும் ஒளிக்காமல் சொன்னேன். சரளா தலை நிமிரவே இல்லை.

முனிரத்தினம் எழுந்தார். எழும்போது கை இடுப்புக்குப் போனது. "அப்ப நாங்க ஒரு வருசம் தள்னது வேஸ்ட்டா மேடம்?"

"இல்லைங்க. வளர்ந்ததைக் கழிச்சிட்டேன். கழிச்ச பிறகும் கிட்டத்தட்ட பாதி மிச்சம் இருக்கு."

"பாதி."

"பாதி. அதுலயும், இந்த வருஷம் மழை நல்லா பெஞ்சிருக்குன்னு சொல்றாங்க. புழுதி அடங்கியிருக்கும். மழையும் கொஞ்சம் பங்கு கேக்கும்."

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பிறகு, "மழைக்கிக் குட்த்தது போவ, மிச்சம் எங்களுதா?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சு வேற யாரும் கேக்க முடியாது."

அவர் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். "வெள்ளிக்கெயம இவங்கோ எல்லாருக்கும் ஏறிட்சின்னாங்க பாரு, எனக்கு அப்பவே டவுட்டு. எது எல்லாருக்கும் ஏறும்? இப்ப கழிச்சி சொல்றாங்கோ. இப்ப நம்பறேன்." யாரோ "அவுனு" என்று தெலுங்கில் ஆமாம் போட்டார்கள். ஒருத்தர், இடுப்பு வலிக்கு என்ன பதில் என்று கேட்டார். தள்ளுவதற்கு முறை வைத்துக்கொள்ளலாம், நோயாளியோடு வருகிறவர்களையும் தள்ளச் சொல்லலாம் என்று பேச்சு போனது. அங்கேயே முறை பிரித்தார்கள். அது எப்போது முடிவானது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் முடிவாகிவிட்டது. சரளா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல்லாருக்கும் டீ சொன்னாள்.

"யாருக்கு ஏறல மேடம்?" என்று முனிரத்தினம் கேட்டார்.

சுபாஷிணி பெயரைச் சொன்னேன். வளர்ந்ததைக் கழித்தால் அவளுக்கு மிச்சம் ஒன்றுமே இல்லை. அவள் வீடு மெயின் ரோட்டில், லாரிகள் நிற்கும் ஒரு தாபாவை ஒட்டி இருக்கிறது என்று சரளா சொன்னாள். பள்ளியில் நல்ல காற்று, மீதி நேரமெல்லாம் லாரிப் புகை. லாரிக்காரர்கள் இன்ஜினை ஓடவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்களாம்.

"லாரிய தள்ள சொல்ல முடியாது" என்றார் ஒருவர்.

"தள்ள வேணாம்பா. துன்ற வரைக்கும் அணைக்கலாம்ல?" என்று முனிரத்தினம் டீயைக் கீழே வைத்தார். "வாங்க, கேட்டுப் பாப்போம்."

நான்கு டிரைவர்கள், நான், சரளா. தாபா முன்னால் நான்கு லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. முனிரத்தினம் ஒவ்வொருவரிடமும் போனார், தெலுங்கு, தமிழ், உடைந்த ஹிந்தி என்று வந்ததையெல்லாம் பேசினார். ஒருவர் முறைத்தார். ஒருவர் ரொட்டியிலிருந்து தலை தூக்கவில்லை. ஒருவர், அணைத்தால் பேட்டரி போய்விடும் என்றார். நாலாவது ஆள், நடுவயது, சாப்பிடுவதை நிறுத்தினார். அந்தப் பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டார். ஏழு என்றோம். எச்சில் கையை உதறிவிட்டுப் போய், கதவைத் திறந்து சாவியைத் திருப்பினார்.

அது சுபாஷிணி வீட்டுச் சுவரை ஒட்டி நின்ற லாரி. அந்த ஒரு சத்தம் நின்றதும் சுவருக்கு அப்பால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு சுபாஷிணி கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி வந்தாள். லாரியை மேலும் கீழும் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் இன்னும் குழம்பினாள்.

"இன்னாச்சி டீச்சர்? வண்டி ரிப்பேராயிட்சா?"

"இல்லடி கண்ணு" என்றேன். "உனக்காக அணைச்சிருக்காரு."